சிறுநீரகத் தேய்வை மெதுவாக்குவது எப்படி? பினாங்கு மருந்தகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜார்ஜ்டவுனில், லிட்டில் இந்தியாவை ஒட்டிய தெரு ஒன்றில் மருந்தாளராக வேலை பார்க்கிறேன். மருத்துவர் சொன்னது முழுதாக விளங்காமல், அவரிடம் திரும்பக் கேட்கவும் கூச்சப்பட்டு, சோதனைத் தாளைக் கையில் பிடித்தபடி என் மேசைக்கு வருபவர்கள் ஏராளம். நாள்பட்ட சிறுநீரக நோயைப் பற்றி அவர்கள் கேட்பவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். இன்னும் டயாலிசிஸ் நிலைக்குப் போகாதவர்களுக்கான பக்கம் இது. மருந்தின் அளவை மாற்றுவதோ நிறுத்துவதோ உங்கள் மருத்துவரிடம் பேசிய பிறகுதான்.

எனக்குக் கிரியேட்டினின் 106 என்று வந்திருக்கிறது. சென்னையில் இருக்கும் என் தம்பிக்கு 1.2 தானாம். எனக்கு அவ்வளவு மோசமா?

இரண்டும் ஒரே அளவுதான். கிரியேட்டினின் என்பது தசையில் உருவாகி, சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு; சிறுநீரகம் தளர்ந்தால் இரத்தத்தில் அது ஏறும். மலேசியப் பரிசோதனைக்கூடங்கள் கிரியேட்டினினை மைக்ரோமோல் கணக்கில் தருகின்றன. தமிழ்நாட்டில் மில்லிகிராம் கணக்கு. நம் எண்ணை 88.4-ஆல் வகுத்தால் அவர்கள் எண் கிடைக்கும். தமிழில் வரும் மருத்துவக் காணொளிகளில் பாதிக்கு மேல் அங்கிருந்து வருவதால், அவற்றைப் பார்த்துவிட்டு நம் தாளைப் படிப்பவர்களுக்கு நெஞ்சு படபடப்பதில் வியப்பில்லை.

ஆனால் ஒரே கிரியேட்டினின் எல்லோருக்கும் ஒரே பொருள் தராது. 106 என்ற அளவு 25 வயது இளைஞனுக்கு வந்தால், அவனது சிறுநீரக வடிகட்டும் திறன் 80-க்கு மேல் இருக்கும். 60 வயது அம்மாவுக்கு அதே எண் வந்தால், திறன் 50 பக்கம்தான். வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிடும் அந்தத் திறனுக்கு இ-ஜி.எஃப்.ஆர். என்று பெயர். தாளில் முதலில் தேட வேண்டிய எண் அதுதான்.

எனக்கு மூன்றாம் நிலை என்கிறார்கள். அடுத்தது டயாலிசிஸா?

இல்லை. இ-ஜி.எஃப்.ஆர். 90-க்கு மேல் முதல் நிலை, 60 முதல் 89 வரை இரண்டாம் நிலை, 30 முதல் 59 வரை மூன்றாம் நிலை, 15 முதல் 29 வரை நான்காம் நிலை, 15-க்குக் கீழே ஐந்தாம் நிலை. முதல் இரண்டு நிலைகளில், சிறுநீரில் புரதம் போன்ற வேறு அறிகுறியும் இருந்தால்தான் அது நோய். எந்த நிலையாயினும் மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் நாள்பட்டது என்பார்கள். ஒரே ஒரு சோதனையை வைத்து முடிவு கட்டுவதில்லை.

நிலையைவிட முக்கியமானது, அந்த எண் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பது. ஒருவருக்கு இன்று 42 என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 5 வீதம் இறங்கினால் ஆறு ஆண்டு கழித்து 12-இல் நிற்பார். ஆண்டுக்கு 2 வீதம் இறங்கினால் அதே இடத்துக்கு வரப் பதினைந்து ஆண்டு பிடிக்கும். ஆண்டுக்கு 1 என்றால் முப்பது ஆண்டு. வயதானால் எல்லோருக்குமே ஏறக்குறைய அந்த வேகத்தில் குறையத்தான் செய்யும். 58 வயதுக்காரருக்கு இந்த மூன்று கணக்கும் மூன்று வேறு வாழ்க்கை. அதனால் பழைய சோதனைத் தாள்களை வீசாதீர்கள். தேதிவாரியாக ஒரு கோப்பில் போட்டு வைத்திருந்தால், எந்த மருத்துவமனைக்குப் போனாலும் வேகம் தெரிந்துவிடும்.

கிளினிக்கில் சிறுநீரையும் கேட்கிறார்கள். இரத்தச் சோதனை போதாதா?

போதாது. நல்ல வடிகட்டி ஆல்புமின் என்னும் புரதத்தை வெளியே விடாது. விடத் தொடங்கினால் இரத்தச் சோதனை சரியாக இருக்கும்போதே சேதம் ஆரம்பித்துவிட்டது என்று பொருள். ஆல்புமின்-கிரியேட்டினின் விகிதம் 3-க்குக் கீழே இருந்தால் நல்லது, 3 முதல் 30 வரை கவனம் தேவை, 30-க்கு மேல் போனால் தேய்வு வேகமாக இருக்கும் வாய்ப்பு அதிகம். காலையில் எழுந்ததும் கழிக்கும் முதல் சிறுநீரைக் கொடுங்கள். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மாதவிடாய், முந்தைய நாள் கடுமையான உடற்பயிற்சி இருந்தால் வேறொரு நாள் போகலாம்.

இது குணமாகுமா?

இழந்த திறன் பெரும்பாலும் திரும்பாது. மிச்சமிருப்பதைப் பல ஆண்டுகள் காப்பாற்றலாம். “முழுதாகக் குணமாக்குகிறேன்” என்று யாராவது பாட்டில் விற்றால் பணத்தைப் பைக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.

தங்கச்சி, இத்தனை மாத்திரை சாப்பிட்டால் சிறுநீரகம் கெட்டுவிடாதா?

என் மேசையில் மிக அதிகமாக விழும் கேள்வி இது. இந்தப் பயத்தால் கெட்ட சிறுநீரகங்கள் நம் ஊரில் ஏராளம் என்பது என் கருத்து. இனிப்பு நீர் (நீரிழிவு) மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் விழுங்குவது, இரத்த அழுத்த மாத்திரையைத் தலைவலி வந்தால் மட்டும் போடுவது, “மருந்து சூடு” என்று மாதக் கணக்கில் நிறுத்திவிடுவது எல்லாம் இந்தப் பயத்தின் பிள்ளைகள்.

மலேசியாவில் புதிதாக டயாலிசிஸுக்கு வருவோரில் பாதிக்கு மேற்பட்டோருக்கு மூல காரணம் இனிப்பு நீர். அடுத்து இரத்த அழுத்தம். வடிகட்டிகளை அரிப்பது கட்டுப்படாத சர்க்கரையும் அழுத்தமும். அவற்றை அடக்கும் மாத்திரையின் மீது பழி விழுகிறது.

பெரிண்டோபிரில், எனலாபிரில், லொசார்ட்டான், டெல்மிசார்ட்டான் போன்ற பெயர்கள் உங்கள் சீட்டில் இருக்கலாம். இவை அழுத்தத்தைக் குறைப்பதோடு, வடிகட்டிக்கு உள்ளே இருக்கும் அழுத்தத்தையும் தணித்து, சிறுநீரில் ஒழுகும் புரதத்தைக் குறைக்கின்றன. இனிப்பு நீரால் சிறுநீரகம் பாதித்தவர்களுக்கு லொசார்ட்டான் தேய்வை மெதுவாக்குகிறது என்பது 2001-இலேயே பெரிய ஆய்வில் நிறுவப்பட்டது. நோய் முற்றியவர்கள் இந்த மாத்திரைகளை நிறுத்தினால் சிறுநீரகம் தேறுமா என்று பிரிட்டனில் 411 பேரை வைத்துப் பார்த்தார்கள். 2022-இல் வந்த முடிவு: தேறவில்லை.

மெட்ஃபார்மினும் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. சிறுநீரகம் தளர்ந்த பிறகு அது உடலில் தங்கிவிடும் என்பதால், இ-ஜி.எஃப்.ஆர். 45-க்குக் கீழே போகும்போது அளவைக் குறைப்பார்கள், 30-க்குக் கீழே நிறுத்துவார்கள். மருத்துவர் நிறுத்தியதைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர், “பார்த்தீர்களா, அந்த மாத்திரைதான் காரணம்” என்று முடிவு கட்டிவிடுகிறார்.

அழுத்த மாத்திரை தொடங்கியதும் கிரியேட்டினின் ஏறிவிட்டது. நிறுத்தலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். வடிகட்டிக்குள் அழுத்தம் தணியும்போது கிரியேட்டினின் சற்று ஏறுவது எதிர்பார்த்ததே. 30 சதவீதம் வரையிலான ஏற்றத்தை மருத்துவர்கள் பொதுவாக ஏற்றுக்கொள்வார்கள். அதற்கு மேல் போனாலோ பொட்டாசியம் உயர்ந்தாலோ மருந்தை மாற்றி அமைப்பார்கள். அதைத் தெரிந்துகொள்ளத்தான் தொடங்கிய இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் மறுசோதனைக்கு வரச் சொல்கிறார்கள். அந்தத் தேதியைத் தவறவிடாதீர்கள்.

எனக்கு இனிப்பு நீரே இல்லை. ஏன் டாபாகிளிஃப்ளோசின் எழுதிக் கொடுத்தார்?

சர்க்கரைக்காகப் பிறந்த மருந்து. சிறுநீரகத்துக்கும் இதயத்துக்கும் பயன்படுவது பிறகு தெரிந்தது. 2020-இல் வெளிவந்த ஆய்வில் 4,304 பேர் இருந்தார்கள், அவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு இனிப்பு நீர் கிடையாது. ஏறக்குறைய இரண்டரை ஆண்டில் சிறுநீரகத் திறன் பாதியாகக் குறைவது, சிறுநீரகம் செயலிழப்பது, சிறுநீரகத்தாலோ இதயத்தாலோ இறப்பது ஆகியவற்றில் ஏதாவது ஒன்று நேர்ந்தவர்கள், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 14.5 பேர், மருந்து சாப்பிட்டவர்களில் 9.2 பேர். எம்பாகிளிஃப்ளோசினும் இதே வகை.

சிறுநீரில் சர்க்கரை வெளியேறுவதால் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரலாம். சுத்தமாகவும் ஈரமில்லாமலும் வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தவிர்க்கலாம். அரிப்பு வந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள், எளிய மருந்து இருக்கிறது.

மூட்டு வலிக்கு என்னதான் சாப்பிடுவது?

பயப்பட வேண்டிய மருந்து இங்கேதான் இருக்கிறது, இதற்கு யாரும் பயப்படுவதில்லை. டைக்ளோஃபினாக், மெஃபெனாமிக் அமிலம், ஐபுபுரோஃபென், நாப்ராக்சன் போன்ற வலி நிவாரணிகள் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கின்றன. அழுத்த மாத்திரையும், சிறுநீரைக் கூட்டும் நீர் மாத்திரையும் எடுப்பவர் இதையும் சேர்த்தால், அதிலும் வயிற்றுப்போக்கு வந்த நேரத்தில் சேர்த்தால், சில நாளிலேயே சிறுநீரகம் படுத்துவிடலாம். சாதாரண வலிக்குப் பாரசிட்டமால், சொன்ன அளவுக்குள். தைலமும் ஒத்தடமும் இருக்கவே இருக்கின்றன.

ஒரு பொட்டலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரவுச் சந்தையில் வாங்கியதென்று ஓர் அக்காள் கொண்டுவந்து காட்டினார். விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் பை, உள்ளே மஞ்சள், வெள்ளை, கரும்பழுப்பு என்று மூன்று உருண்டை. பெயர் இல்லை, பதிவு எண் இல்லை, காலாவதித் தேதி இல்லை. “சாப்பிட்ட அன்றே வலி பறந்துவிட்டது” என்றார். எனக்குச் சந்தேகம் வந்ததே அதனால்தான். மூலிகை என்று விற்கப்படும் வலி மருந்துகளில் ஸ்டீராய்டும், மேலே சொன்ன வலி நிவாரணிகளும் கலந்திருப்பது இந்நாட்டில் பலமுறை பிடிபட்டிருக்கிறது. மாதக் கணக்கில் சாப்பிட்டிருந்தால் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. பொட்டலத்தோடு மருத்துவரிடம் போங்கள்.

மூலிகை இயற்கைதானே, அதில் என்ன கெடுதல்?

அரிஸ்டோலோக்கிக் அமிலம் என்ற பொருளும் இயற்கையில் விளைவதுதான். 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிய மூலிகை சாப்பிட்ட பெண்கள் பலரின் சிறுநீரகத்தை அது அழித்தது. நம்மவர்கள் கேட்பது நெருஞ்சில், மூக்கிரட்டை, மலாய் நண்பர்கள் சொல்லும் மிசாய் கூச்சிங் (பூனைமீசை) தேநீர். இவை சிறுநீரைக் கூட்டலாம். ஆனால் அதிகமாகச் சிறுநீர் போவதும் சிறுநீரகம் தேறுவதும் ஒன்றல்ல. பாதரசம், ஈயம் சேர்ந்த பஸ்பங்களைப் பக்கத்தில்கூட வைக்காதீர்கள்.

எதை வாங்கினாலும் பெட்டியில் ‘மால்’ (MAL) என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அது இருந்தாலும் உங்கள் நோய்க்கு ஏற்றது என்ற உத்தரவாதம் இல்லை. மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

இரத்த அழுத்தம் எவ்வளவு இருக்க வேண்டும்?

பலருக்கு 130/80-க்குக் கீழே என்று குறி வைப்பார்கள். மிக வயதானவர்கள், எழுந்து நின்றால் தலை சுற்றுபவர்களுக்குக் குறி வேறாக இருக்கலாம். வீட்டில் அளக்கும்போது ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருங்கள், முதுகு சாய்ந்து, கால் தரையில், கை மேசை மேல். காலையில் இரண்டு முறை, மாலையில் இரண்டு முறை அளந்து எழுதி வையுங்கள். என் கடை மாடிப்படி ஏறி வந்து மூச்சு வாங்க அளக்கும் அளவு எதற்கும் உதவாது.

உப்பை எவ்வளவு குறைக்க வேண்டும்? நாசி கண்டாரை விட்டுவிட வேண்டுமா?

ஒரு நாளைக்கு மொத்தம் ஐந்து கிராமுக்குள், அதாவது தட்டையாக ஒரு தேக்கரண்டி. அது சமையலறை டப்பாவில் இருந்து எடுக்கும் உப்பு மட்டுமல்ல. சோயா சாஸ், பெலாச்சான், கருவாடு, ஊறுகாய், அப்பளம், உடனடி மீ எல்லாவற்றையும் சேர்த்து. உறையில் சோடியம் என்று போட்டிருக்கும். 400 மில்லிகிராம் சோடியம் ஒரு கிராம் உப்புக்குச் சமம். உடனடி மீயின் பல வகைகளில் ஒரு பாக்கெட்டிலேயே அன்றைய உப்பில் பாதி போய்விடும்.

பினாங்குக்காரரிடம் நாசி கண்டாரை விடச் சொன்னால் மருத்துவரையே விட்டுவிடுவார். நான் அப்படிச் சொல்வதில்லை. கரண்டி பிடித்திருப்பவரைக் கவனியுங்கள்: சோறு, அதன் மேல் மீன் குழம்பு, அதன் மேல் கோழிக் குழம்பு, பிறகு கருப்பாக ஒன்று, நாம் “பஞ்ஜிர்” (வெள்ளம்) என்று வேறு சொல்லிவிடுகிறோம், சோறு மூழ்கிவிடுகிறது. உப்பின் பெரும்பகுதி அந்த வெள்ளத்தில்தான். ஒரே ஒரு குழம்பு, அதுவும் ஓரமாக, கூடவே வெண்டைக்காய். முட்டையும் கோழியும் சேர்த்து வேண்டாம், ஏதாவது ஒன்று. வாரத்துக்கு ஒருமுறை. உப்பு முட்டை வேண்டவே வேண்டாம்.

“குறைந்த சோடியம்” என்று விற்கும் மாற்று உப்பைக் கேட்காமல் வாங்காதீர்கள். அவற்றில் பலவற்றில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் இருக்கிறது. சிறுநீரக நோயாளிக்கு அது இதயத் துடிப்பையே குலைக்கலாம்.

பருப்பு, முட்டை, இறைச்சி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். சரியா?

சரியில்லை. டயாலிசிஸுக்கு முன்பான கட்டங்களில் கிலோ எடைக்கு 0.8 கிராம் புரதம் என்பது வழக்கமான அளவு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 48 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், சமைத்த கோழி நூறு கிராமில் 25-க்கு மேல். பட்டினி கிடந்து தசையைக் கரைத்தால் கிரியேட்டினின் குறைந்து தெரியும், அதைப் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள். உடற்பயிற்சிக்கூடத்துப் புரதப் பொடி மட்டும் கண்டிப்பாக வேண்டாம். உணவியல் நிபுணரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

டுரியான், இளநீர், பெலிம்பிங்?

பெலிம்பிங், அதாவது நட்சத்திரப் பழம், கூடாது. பழமும் கூடாது, சாறும் கூடாது. அதிலுள்ள நரம்பு நஞ்சைத் தளர்ந்த சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாது. முதலில் நிற்காத விக்கல், பிறகு குழப்பம், வலிப்பு, சிலருக்கு மரணம். இங்கே சாறு கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கிறது, உடம்புக்குக் குளிர்ச்சி என்று வாங்கியும் கொடுக்கிறார்கள். விருந்தினரிடமும் சொல்லி வையுங்கள்.

டுரியானிலும் இளநீரிலும் பொட்டாசியம் அதிகம். உங்கள் இரத்தத்தில் பொட்டாசியம் சரியாக இருந்தால், பாலேக் பூலாவ் டுரியான் பருவத்தில் ஒரு சுளை இரண்டு சுளையால் உலகம் அழியாது. இனிப்பு நீர் இருந்தால் அதையும் கணக்கில் வையுங்கள். பொட்டாசியம் ஏற்கெனவே உயர்ந்திருந்தால் இரண்டும் வேண்டாம். காய்களை நறுக்கி நிறைய நீரில் வேகவைத்து அந்த நீரைக் கொட்டிவிட்டுத் தாளித்தால் பொட்டாசியம் ஓரளவு குறையும். இதெல்லாம் சோதனையில் உயர்ந்திருப்பவர்களுக்கு மட்டும்; மற்றவர்கள் காயும் பழமும் தாராளமாகச் சாப்பிட வேண்டியவர்கள்.

தண்ணீர் நிறையக் குடித்தால் சிறுநீரகம் கழுவப்படும் என்கிறார்களே?

கனடாவில் 631 நோயாளிகளை வைத்துப் பார்த்தார்கள், 2018-இல் முடிவு வந்தது. கூடுதலாகத் தண்ணீர் குடிக்க வைத்ததால் தேய்வு குறையவில்லை. தாகத்துக்குக் குடியுங்கள், நம் வெயிலில் வேலை செய்பவர்கள் இன்னும் கொஞ்சம் கூட. கால் வீக்கமோ இதயக் கோளாறோ உள்ளவர்களுக்கு மருத்துவர் அளவு சொல்வார்.

தைப்பூச விரதம், நோன்பு இருக்கலாமா?

முன்கூட்டியே, சில வாரங்களுக்கு முன்பே மருத்துவரிடம் பேசுங்கள். ஒரு வேளை சைவ உணவு என்னும் விரதம் பலருக்குப் பிரச்சினையில்லை. காவடி தூக்கித் தண்ணீர்மலை முருகன் கோயில் படி ஏறி, நாள் முழுக்க வெயிலில் நீர் அருந்தாமல் இருப்பது வேறு சங்கதி. நோன்பில் பகல் முழுதும் தண்ணீரும் கிடையாது என்பதால், முற்றிய நிலையில் இருப்பவர்களை மருத்துவர்கள் பொதுவாகத் தடுப்பார்கள்.

வாந்தி, வயிற்றுப்போக்கு, சாப்பிட முடியாத காய்ச்சல் வந்தாலும் இதே கவலைதான். உடல் வற்றும்போது அழுத்த மாத்திரை, நீர் மாத்திரை, மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்ளோசின் வகை ஆகியவற்றைத் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வதுண்டு. எவற்றை, எத்தனை நாள், எப்போது திரும்பத் தொடங்குவது என்று நலமாக இருக்கும்போதே கேட்டு எழுதி வாங்கி, மருந்துப் பெட்டி மூடியில் ஒட்டி வையுங்கள்.

சிகரெட்?

விடுங்கள். சிறுநீரகத் தேய்வையும் மாரடைப்பையும் சேர்த்தே வேகப்படுத்துகிறது. சிறுநீரக நோயாளிகளில் பலர் டயாலிசிஸ் வரை போகாமல் இதயத்தால் இறக்கிறார்கள். ஐம்பது வயதுக்கு மேல் கொழுப்பு மாத்திரையும் எழுதிக் கொடுப்பது அதற்காகத்தான்.

நான்காம் நிலை வந்துவிட்டது. இனி என்ன பயன்?

மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் இன்னும் பயன் உண்டு. தள்ளிப்போடும் ஒவ்வோர் ஆண்டும், வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு இருக்காத ஓர் ஆண்டு. கூடவே ஆயத்தமும் வேண்டும்: சிறுநீரக நிபுணரிடம் தொடர்ந்து போவது, வயிற்று வழி டயாலிசிஸ், மாற்றுச் சிறுநீரகம் பற்றிக் குடும்பத்தோடு பேசுவது, ஹெப்பாடைடிஸ் பி தடுப்பூசி. அதிகம் புழங்காத கையில், வலக்கைக்காரருக்கு இடக்கையில், இரத்தம் எடுக்கவோ ஊசி ஏற்றவோ விடாதீர்கள். பின்னாளில் டயாலிசிஸ் இயந்திரத்துக்கு அந்தக் கையின் இரத்தக் குழாய்கள் வேண்டும். சந்தா கட்டிய தொழிலாளர்கள் டயாலிசிஸ் உதவிக்குத் தகுதி உண்டா என்று சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) அலுவலகத்தில் இப்போதே விசாரிக்கலாம்.

எனக்கு வந்திருக்கிறது. தம்பி, தங்கை, பிள்ளைகளும் பார்க்க வேண்டுமா?

ஆம், குறிப்பாக அவர்களுக்கும் இனிப்பு நீரோ அழுத்தமோ இருந்தால். மலேசியாவில் 2018-இல் நடந்த ஆய்வில் பெரியவர்களில் சுமார் 15.5 சதவீதத்தினருக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் இருந்தது. 2011-இல் தீபகற்பத்தில் பார்த்தபோது 9 சதவீதம். நோய் இருந்தவர்களில் அதை அறிந்திருந்தவர்கள் ஏறக்குறைய நூற்றுக்கு ஐந்து பேர்தான். வலிக்காது, சிறுநீர் போவதும் குறையாது. கால் வீங்கும்போது பாதி வழி கடந்திருக்கும்.

அரசு சுகாதார கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி (ரிங்கிட்). “கிரியேட்டினினும் சிறுநீர் ஆல்புமினும் பார்க்க வேண்டும், என் அண்ணனுக்குச் சிறுநீரக நோய் இருக்கிறது” என்று பதிவு மேசையில் அல்ல, மருத்துவரிடம் நேராகச் சொல்லச் சொல்லுங்கள். முந்தைய இரவு இறைச்சி விருந்து வேண்டாம். இனிப்பு நீர் உள்ளவர்கள் இரண்டு சோதனைகளையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது செய்துகொள்ள வேண்டும்.